மரதன் ஓட்டமும் ஆசிரியரின் கையொப்பமும்

ஆண்டுதோறும் நம் பாடசாலைகளிலே இல்ல மெய்வல்லுநர் போட்டியையொட்டி மரதன் ஓட்டம் நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். திருக்கோணமலைத் துறைமுகக் கரையோரமாகப் பிள்ளைகள் வைகறையில் ஓடிவரும் காட்சி கண்ணுக்கு விருந்து. அந்நாள்களில் வகுப்பிலே அவ்வோட்டத்தின் பிறப்பைச் சொல்வது என் வழக்கம். கி.மு. 490இல் மரதன் வெளியிலே பாரசீகரை வென்ற செய்தியைச் சுமந்துகொண்டு வீரனொருவன் ஏதென்சு நகருக்கு ஓடினான். வெற்றியைக் கூறியவுடன் வீழ்ந்து மாண்டான் என்பேன். வகுப்பு அசையாது கேட்டிருக்கும்.

அண்மையில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தப் பாதையிலே பெண்கள் எவரேனும் ஓடியதுண்டோ?" என்று வினவினாள். விடை தெரியாமையால் நூல்களை நாடினேன். நாடியபோது நான் சொல்லிவந்த கதையே ஆட்டங்கண்டது.

போர் நிகழ்ந்த அதே நூற்றாண்டில் வாழ்ந்த எரோதோத்தசு என்னும் வரலாற்றாசிரியர், படையுதவி வேண்டி ஏதென்சிலிருந்து சுபார்த்தாவுக்கு ஓடிய தூதனைப் பற்றியே எழுதினார். அத்தூரம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். மரதனிலிருந்து ஓடி உயிர்விட்டவனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் கழித்து எழுதிய புளூட்டாக்கிடமே அக்கதையைக் காண்கிறோம். ஆங்கும் தூதனின் பெயர் வேறு.

கதை ஐயத்துக்குரியது, அதிலிருந்து பிறந்த ஓட்டமோ மெய். மிசேல் பிரெயால் என்னும் பிரெஞ்சு மொழியறிஞரின் கருத்துப்படி, 1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் விழாவிலே இவ்வோட்டம் சேர்க்கப்பட்டது. ஏப்பிரல் 10ஆம் நாள், ஏறத்தாழ 40 கிலோமீற்றரை 2 மணி 58 நிமிடம் 50 வினாடியிற் கடந்து, தண்ணீர் சுமந்து பிழைத்த சுபிரிதோன் லூயி முதல்வரானார்.

மறுநாள் அதே பாதையிலே ஒரு பெண் தனியே ஓடினாள். அவள் பெயர் இசுத்தமாத்தா ரெவித்தி. பிரேயசுத் துறைமுகத்து ஏழை. கைக்குழந்தையுடன் பிழைப்புத் தேடி நின்றவள். ஆடவரோடு ஓட அவளுக்கு இசைவு கிட்டவில்லை. ஆகவே, தான் புறப்பட்ட நேரத்தை மரதன் ஊர்த்தலைவர், நீதவான், ஊரின் ஆசிரியர் ஆகியோரைக்கொண்டு எழுதிக் கையொப்பமிடுவித்து ஓடினாள். ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஏதென்சை அடைந்தாள். பளிங்கு அரங்கினுள் நுழைய விடப்படவில்லை. இவ்வாறு அக்காலப் பதிவுகள் கூறும்.

அப்பாதை எளியதன்று. கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் ஆலயம் வரை ஏறுவோர்க்கே மூச்சு வாங்கும். ஆங்கோ ஏறத்தாழ 10ஆம் கிலோமீற்றரிலிருந்து 31ஆம் கிலோமீற்றர் வரை பெரும்பாலும் ஏற்றமே. அதன்பின்னரே நகரை நோக்கி இறக்கம். இன்று ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும் ஏதென்சு மரதனில், 42.195 கிலோமீற்றர் தூரத்தை ஆணும் பெண்ணும் ஒன்றாகவே ஓடி அப்பளிங்கு அரங்கிற் புகுகின்றனர். ஒலிம்பிக்கிலோ பெண்களுக்கு மரதன் ஓட்டம் 1984ஆம் ஆண்டிலேதான் கிட்டியது. 2004இல் ஏதென்சு ஒலிம்பிக்கிலே மரதனிலிருந்து ஓடிவந்து, அதே அரங்கினுள் முதல்வராகப் புகுந்தவர் மிசுக்கி நொகுச்சி என்னும் சப்பானியப் பெண்.

சுவாமிமலையில் இராவணன் வெட்டைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம், அதிற் குற்றமில்லை. கதை இனிது. ஆயினும் கதையைக் கதையென்றும், நிகழ்ந்ததை நிகழ்ந்ததென்றும் பிரித்துரைப்பது ஆசிரியர் கடன். ஓடினானோ என்று ஐயுறத்தக்க ஒருவனைப் பல்லாண்டு என் வகுப்பிலே ஓடவிட்டேன். ஓடியவளை வாயிலிலேயே நிறுத்திவைத்தேன்.

அந்த மரதன் ஊராசிரியர் ஆற்றியது அரும்பெருஞ் செயலன்று. ஒருத்தி புறப்பட்ட நேரத்தைக் கண்டார். கண்டதற்குச் சாட்சியாகத் தம் பெயரை எழுதினார். அவ்வளவே. ஆயினும் அத்தகைய சாட்சிகளாலன்றோ அவள் ஓட்டத்தை இன்று நாம் அறிகிறோம்? அடுத்த ஆண்டு மரதன் ஓட்டத்தன்று என் கரும்பலகையில் ரெவித்தியின் பெயரை எழுதுவேன். வினவிய அம்மாணவிக்கு நான் தரக்கூடிய விடையும் அதுவே.