நாக்பூரிலும் தஞ்சையிலும் அளந்த பூமி

'புராஜெக்ட்' என்றாலே பெற்றோருக்குத் தலைவலி என்பது நம் சங்கக் குடும்பங்கள் அறிந்த விஷயம். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பையன் வந்து சொல்வான். அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். விடிவதற்குள் தெர்மோகோலில் ஒரு எரிமலை தயாராகிவிடும். நியாயமாகப் பார்த்தால் மதிப்பெண் அப்பாவுக்குத்தான் போட வேண்டும். என் மகனுக்கு இப்படி இரண்டு எரிமலைகள் செய்து கொடுத்த பாவம் எனக்கும் உண்டு.

ஆகவே 2024 ஜனவரியில், ஒன்பதாம் வகுப்புப் படித்த என் பேரன் "தாத்தா, ரெண்டு மூணு பாடத்தையும் சேர்த்து ஒரு புராஜெக்ட் பண்ணணுமாம், அஞ்சு பேர் ஒரு குழு" என்று வந்து நின்றபோது, கடைப்பக்கம் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. டிப்ளமோ முடித்து, முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். எனக்குத் தெரிந்த வித்தை அளப்பது ஒன்றுதான். "பூமியை அளந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் செய்த காரியம்தான் இது. சயீன் நகரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளில், வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் சுமார் 7.2 டிகிரி சாய்வைக் காட்டியது. அது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும்.

நமக்கும் இரண்டு ஊர்கள் வேண்டும், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று. அட்லஸைப் பிரித்ததும் எனக்கே வியப்பாகிவிட்டது. நாக்பூர் 79.09 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது. என் சொந்த ஊரான தஞ்சாவூர் 79.14-இல். ஏறக்குறைய ஒரே கோடு! என் அக்காவின் பேத்தி அங்கே பத்தாம் வகுப்பு. அவளும் தோழிகளுமாக ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். வேலை தொடங்குமுன்பே, பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது என்ற பேச்சை அவர்கள் போய்ப் பார்த்து, காலையிலும் மாலையிலும் விழத்தான் செய்கிறது என்று செய்தி அனுப்பினார்கள்.

இரண்டு ஊரிலும் ஒரு மீட்டர் நீளக் கம்பி, ஒரே நாள். நிழல் மிகக் குறுகும் நேரம்தான் உண்மையான நண்பகல். அது பன்னிரண்டு மணிக்கு வராது, ஜனவரிக் கடைசியில் 12 மணி 26 நிமிடத்துக்கு வரும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஏற்றது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் பதினான்கு நிமிடம் போகிறது. மீதி பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம், பூமி சூரியனைச் சுற்றும் பாதையாலும் அதன் அச்சுச் சாய்வாலும் வருவது.

தூரத்தை யார் அளந்தது?

தூரத்துக்கு ஒரு பையன் ரயில் டிக்கெட்டைக் கொண்டு வந்தான். சென்னை வழியாக 1,400 கிலோமீட்டருக்கு மேல். அதைப் போட்டால் பூமி 50,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ரயில் வளைந்து போகும், பூமியின் கணக்குக்கு நேர்த்தூரம் வேண்டும் என்று விளக்கினேன். வரைபடத்தில் அளந்து, அளவுகோலால் பெருக்கி, 1,147 கிலோமீட்டர் என்று கண்டார்கள். உடனே என் பேரன் கேட்டான்: "அப்போ வரைபடம் போட்டவங்க முதல்ல எப்படி அளந்தாங்க?"

அந்தக் கேள்வியில் சரித்திரப் பாடமும் சேர்ந்துகொண்டது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டையே அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் சுவரில் மோதிச் சேதமடைந்தது. அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சீர் செய்தார். அளந்துகொண்டே வடக்கே வந்தவர் 1823-இல் காலமான இடம், நம் நாக்பூருக்குத் தெற்கே உள்ள ஹிங்கன்காட். நாம் சென்னைக்கு ரயிலில் போகும்போது கடக்கும் அதே ஹிங்கன்காட்தான்! இத்தனை வருடம் அந்த ஸ்டேஷனில் தேநீர் குடித்த எனக்கே இது தெரியாது.

43,000 வந்தபோது

ஜனவரி 21, ஞாயிறு. எங்கள் நிழல் 85 சென்டிமீட்டர், தஞ்சையில் 59.6. டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்தால் கோண வித்தியாசம் 9.57 டிகிரி. சுற்றளவு 43,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். புத்தகத்தில் உள்ளதோ சுமார் 40,000. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது.

குழுவில் கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து போட்டுப் பார்த்து, "85-ஐ 87.5-னு எழுதிட்டா சரியா வந்துடும்" என்றான். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. போனில் தஞ்சைப் பெண்தான் சொன்னாள்: "மாத்தி எழுதறதா இருந்தா எங்க பேரை எடுத்துடுங்க. வெயில்ல நின்னு அளந்திருக்கோம்."

அப்போதுதான் என் பழைய கதையைச் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய ஸ்டேஷனில், கேஜ் ரெஜிஸ்டரில் எல்லா இடத்திலும் 1676 மில்லிமீட்டர் என்று அழகாக எழுதியிருந்தது. யாரும் போய் அளக்கவில்லை. ஒரு நாள் அங்கே சரக்கு வண்டியின் இரண்டு வேகன்கள் தடம் புரண்டன. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. தண்டவாளம் அகன்றிருந்ததை விட, அகலவில்லை என்று எழுதி வைத்திருந்ததுதான் பெரிய குற்றம் என்று எங்கள் மேலதிகாரி சொன்னார்.

"சரி, பிழை எங்கேன்னு தேடுவோம்" என்றான் பேரன். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார்கள். எங்கள் கம்பியின் உச்சி தெற்கே இரண்டரை சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது. அந்தக் கம்பியை ஊன்றியது யார்? கண்ணால் பார்த்தே தண்டவாளத்தின் நேர் சொல்வேன் என்று பெருமை பேசிய நான்தான்! கம்பி ஊன்றியபோது தூக்குக்குண்டு வேண்டாம் என்று சொன்னதும் நானே.

அடுத்த ஞாயிறு, 28-ஆம் தேதி, பிள்ளைகளே கம்பியை நிறுத்தினார்கள். நாக்பூரில் 82.2, தஞ்சையில் 55.7. வித்தியாசம் 10.3 டிகிரி. சுற்றளவு 40,100 கிலோமீட்டர். துருவங்கள் வழியாக உண்மை அளவு 40,008. இரண்டு கம்பிகளையும் ஒரு நூலையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது போதாதா?

அறிக்கையில் இரண்டு நாள் கணக்கையும் அப்படியே கொடுத்தார்கள். முதல் நாள் பிழைக்குக் காரணம் என்ற இடத்தில், 'கம்பியை ஊன்றியவர்: தாத்தா' என்று எழுதியிருந்தது. மறுக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பேரன் வீட்டில் தமிழ் பேசுவான், எழுத வராது. தஞ்சையிலிருந்து வந்த அட்டவணைகள் தமிழில் இருந்ததால் நிழல், கோணம், சுற்றளவு என்று ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தான். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், தஞ்சைத் தோழிகளுக்கு நன்றியை அவனே தமிழில் எழுதினான். நான்கு வரியில் ஆறு பிழை. அவற்றை நான் திருத்தவில்லை.

1993 முதல் தேசிய அளவில் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலும், பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தம் ஊர்ப் பிரச்சினையை ஆராய்வதுதான் முறை. அதுவரை போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெற்கே ஒரு சொந்த ஊரும், அங்கே ஒரு பள்ளிப் பிள்ளையும் உண்டு. அந்த ஊர் நேர் தெற்கே இல்லாவிட்டால், இரண்டு ஊர்களின் அட்சரேகைகளுக்கு இடையிலுள்ள வடக்கு-தெற்குத் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். வருகிற பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அளக்கலாமே. விருப்பமுள்ளவர்கள் சங்கக் கூட்டத்தில் என்னிடம் சொல்லுங்கள். கம்பிகள் நான் தருகிறேன். தூக்குக்குண்டும் சேர்த்தே தருகிறேன்.