குதிரையை மெதுவாக ஓட்டுவது எப்படி?

இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு

"குதிரையேற்றமா? அதெல்லாம் ராஜாக்களுக்கல்லவா!" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். என் மாமா உதகையில் குதிரை பராமரிப்பவர். சிறு வயது முதல் விடுமுறைதோறும் அவரிடம் சவாரி பழகியவன் நான். சென்ற கோடையில், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்குதிரையை அவர் சவாரிக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அதன்மீதேறிக் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

'கேன்டர்' என்பது முழுப் பாய்ச்சலுக்கு முந்தைய ஓட்டம். இதில் மூன்று தாளம் உண்டு. வலப்பக்கம் வட்டமிடும்போது முதலில் இடது பின்னங்கால் ஊன்றும். அடுத்து வலது பின்னங்காலும் இடது முன்னங்காலும் ஒருங்கே விழும். இறுதியில் வலது முன்னங்கால். பிறகு ஒரு கணம் நான்கு கால்களும் தரையில் படுவதில்லை.

எங்கள் குதிரைக்கோ கேன்டர் தொடங்கியதுமே வேகம் கூடிக்கொண்டே போகும். கடிவாளத்தை இழுத்தேன், இன்னும் விரைந்தது. மேலும் இழுத்தேன். இறங்கிப் பார்த்தால் அதன் கடைவாயில் இரத்தம்! மாமா என்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால்கூடத் தேவலை. "மாப்பிள்ளே, அது திமிர்ல ஓடலே. விழாம இருக்கத்தான் ஓடுது" என்று மட்டும் சொன்னார். புண் ஆறும்வரை சவாரி கிடையாது.

இயற்பியல் படிக்கும் எனக்கு அன்றிரவுதான் அது விளங்கியது. நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 விழுக்காடு முன்னங்கால்களில் இருக்கிறது. தலையும் நீண்ட கழுத்தும் முன்னே இருப்பதே காரணம். ஆள் ஏறினால் அந்தப் பாரத்திலும் பெரும்பகுதி முன்னேதான் சேரும். தலைச்சுமையுடன் சரிவில் இறங்குபவர் நிற்க முடியாமல் ஓட்டமும் நடையுமாக இறங்குவதில்லையா, அப்படித்தான் குதிரையும் ஓடுகிறது. வாரை இழுத்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு, நம் கையை ஐந்தாவது காலாக்கிக்கொள்கிறது! போதாக்குறைக்கு, பந்தயக் குதிரைக்கு இறுகிய வார் 'ஓடு' என்பதற்கே அடையாளம்.

ஆகவே, பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் வந்து பாரத்தை ஏற்றால்தான் ஓட்டம் நிதானப்படும். அதற்கு வலிமை வேண்டும். வலிமை வரப் பல மாதங்கள் வேண்டும். 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஐந்தாறு தாவல் கேன்டர், வேகம் கூடுமுன்பே 'டிராட்' என்னும் துள்ளுநடைக்கு இறக்குதல், மீண்டும் கேன்டர். இப்படி இரு பக்கமும் மாறி மாறி. இடையிடையே நிமிர்ந்து ஆழ உட்கார்ந்து, கால்களால் விலாவை அணைத்து, வார் பிடித்த விரல்களை ஒரு கணம் இறுக்கி உடனே விட வேண்டும். விடுவதுதான் முக்கியம். நான் அதை மறந்து மறந்து வாங்கிய திட்டுக்கு அளவில்லை. பிரெஞ்சு ஆசான் கெரினியேர் 1733-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கிய பயிற்சி ஒன்றும் உண்டு. குதிரையின் தோள்களைச் சற்று உள்ளே திருப்பி நடத்தும் அம்முறை, உட்புறப் பின்னங்காலை வலுப்படுத்தும்.

வேகத்தை மட்டும் குறைத்தால் போதாது. சோர்ந்த குதிரையில், சேர்ந்து விழ வேண்டிய இரு கால்களும் தனித்தனியே விழுந்து நான்கு தாளமாகிவிடும். அதுவும் பிழையே.

கேன்டரில் குதிரை தாவலுக்கு ஒரு மூச்சு விடும். விடுமுறையின் கடைசி நாள், தளர்ந்த வாருடன் அந்த மூச்சொலியை எண்ணினேன். பதினொன்று வரை நிதானமாக வந்தது. பன்னிரண்டாவதில் பழைய வேகம் தலைகாட்டியது, துள்ளுநடைக்கு இறக்கினேன். வேலியருகே நின்ற மாமா, "போதும், இறங்கு. அதுக்குக் கொள்ளு வை" என்றார்.