கூண்டுக்குள் கை விட்டாலே கடிக்கும் வளர்ப்புப் பறவை: காரணம் என்ன, எப்படிச் சமாளிப்பது?

வெளியே இருக்கும்போது தோளில் உட்கார்ந்து காதோரம் கொஞ்சும். விசில் அடித்தால் பதிலுக்கு விசில் அடிக்கும். அதே பறவை, தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கூண்டுக்குள் கையை நுழைத்த அடுத்த நொடி விரலைப் பதம் பார்த்துவிடும். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் ரத்தம் கசியும் விரலோடு நிற்பவருக்கு, 'இதுக்குப் போய் இவ்வளவு செலவு பண்ணி வளர்த்தேனே' என்று தோன்றுவது இயல்புதான்.

பிரச்னை கடியோடு முடிவதில்லை. கடிக்குப் பயந்து, தினமும் நடந்த சுத்தம் வாரம் ஒருமுறை ஆகும். பிறகு எப்போதாவது என்றாகும். எச்சம் காய்ந்து தூசியாகும். சிட்டகோசிஸ் எனப்படும் 'கிளிக் காய்ச்சல்', நோயுள்ள பறவையின் காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் மனிதர்களுக்குத் தொற்றுகிறது. கடைசியில் கூண்டு பால்கனி மூலைக்குப் போகும், இல்லையென்றால் 'பறக்க விட்டுடலாம்' என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடம் இருந்து தப்பவும் தெரியாது. விடுதலை என்று நினைத்துச் செய்வது பெரும்பாலும் அதைச் சாகவிடுவதுதான்.

கூண்டுக்குள் மட்டும் ஏன் கடிக்குது?

கூண்டு நமக்கு ஒரு சாமான். பறவைக்கு அதுதான் வீடு, சாப்பாட்டு இடம், தூங்கும் கிளை எல்லாமே. அதற்குள் தன் உடம்பை விடப் பெரிய ஒரு கை, சொல்லாமல் கொள்ளாமல் மேலே இருந்து வருகிறது. பருந்தும் மேலே இருந்துதான் வரும். பறந்து ஓட இடமில்லாத இடத்தில் அலகைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு காரணம் நம்ம ஊரில் அதிகம். 'லவ் பேர்ட்ஸ்' என்று கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பூர்வீகம் கொண்ட பட்ஜிகள். (உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கடியும் இதைவிடப் பலமாக இருக்கும்.) வாங்கும்போதே கூண்டில் ஒரு மண் பானையையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு அது அலங்காரம், பறவைக்கு அது கூடு. பானை இருக்கும்வரை இனப்பெருக்கத்துக்கான தூண்டுதலும் தொடரும். கூடு காக்கும் பெண் பட்ஜி விரலை விட்டுவைக்காது. மூக்கின் மேல் உள்ள மெழுகு போன்ற பகுதி கரும்பழுப்பாகத் தடித்திருந்தால், பெண் பட்ஜி இனப்பெருக்க நிலையில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். முட்டையோ குஞ்சோ இல்லாதபோது பானையை எடுத்துவிடுவதும், இரவில் டிவி வெளிச்சம் படாமல் 10 முதல் 12 மணி நேரம் இருட்டில் தூங்கவிடுவதும் கோபத்தைப் பாதி குறைக்கும்.

'திடீர்னு கடிச்சுடுச்சு' என்பது உண்மையா?

பெரும்பாலும் இல்லை. கடிக்கும் முன் பறவை பல தடவை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கும். இறகுகளை உடம்போடு ஒட்ட வைத்து ஒல்லியாக நிற்கும், பின்னால் சாயும், வாலை விரிக்கும், வாயைப் பிளந்து காட்டும். பெரிய கிளிகளின் கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் கையை உள்ளே தள்ளினால், சொல்லிப் பயனில்லை என்று பறவை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எச்சரிக்கையே இருக்காது, நேராகக் கடிதான். கடித்ததும் கை வெளியே போய்விடுகிறது அல்லவா, அதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. 'ஆ'வென்று அலறினால் சில பறவைகளுக்கு அது வேடிக்கையும்கூட.

அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் சுமார் 30 ஆண்டுகள் பயிற்சி கொடுத்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பயிற்சி அலுத்துப்போனால் 'திரும்பிப் போகணும்' என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிடும். நம் வீட்டுப் பட்ஜிக்கு அந்த வார்த்தை கிடையாது.

அப்போ சுத்தம் எப்படிச் செய்வது?

எளிய பதில்: பறவை உள்ளே இருக்கும்போது கையை உள்ளே விடாமல் இருப்பது. ஜன்னலையும் கதவையும் மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பறவையை வெளியே ஒரு கிளையிலோ இன்னொரு சின்னக் கூண்டிலோ விட்டுவிட்டு வேலையை முடிக்கலாம். வெளியே வராத பறவை என்றால், வெளியில் இருந்தே இழுக்கும் அடித்தட்டும், வெளிப்பக்கமாகத் திறந்து மாற்றும் கிண்ணமும் உள்ள கூண்டு பாதிச் சண்டையைத் தீர்க்கும். தட்டில் உள்ள பேப்பரைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு எடுத்தால் தூசி கிளம்பாது. ஃபினாயில் வேண்டாம், பறவையின் மூச்சுமண்டலத்துக்கு அந்த நெடி ஆகாது. சோப்புத் தண்ணீரே போதும்.

கையில் ஏற மறுக்கும் பறவையை வெளியே கொண்டுவர ஒரு ஐஸ் குச்சி போதும். முதலில் கம்பிக்கு வெளியே இருந்து குச்சியைக் காட்ட வேண்டும். பறவை வந்து குச்சி நுனியை அலகால் தொட்டதும் இரண்டு தினை. அவ்வளவுதான். மறுபடி காட்டலாம், மறுபடி தொட்டால் மறுபடி தினை. நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொடப் பழகியதும் குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால், அது குச்சியைத் தொடர்ந்து கூண்டு வாசல்வரை வரும், பிறகு வெளியே உள்ள கிளைக்கும் வரும். சில பறவைகள் ஒரு வாரத்தில் பழகிவிடும், சில பறவைகளுக்கு மாதங்கள் ஆகும். தினைக் கதிரை எப்போதும் கூண்டில் தொங்கவிட்டிருந்தால் இந்தப் பயிற்சி பலிக்காது. கிடைக்காத பண்டத்துக்குத்தான் மவுசு.

தடித்த கையுறை மாட்டிப் பிடித்துவிடலாம் என்ற யோசனை நிறையப் பேருக்கு வரும். விரல் தப்பும், ஆனால் கை என்றாலே பயம் என்பது பறவைக்கு உறுதியாகிவிடும். அலகில் சுண்டுவது, கூண்டைத் தட்டி மிரட்டுவது எல்லாம் அதே ரகம். அவசரத்துக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் மெல்லிய துண்டு போதும். நெஞ்சை மட்டும் அழுத்தக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

கடித்தால் ரேபிஸ் ஊசி போடணுமா?

வேண்டாம். ரேபிஸ் பாலூட்டிகளுக்கு வரும் நோய், பறவைக் கடியால் பரவுவதில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். வீங்கிச் சிவந்தாலோ, பின்னால் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தாலோ, வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் சொல்வது முக்கியம். நாம் சொல்லாவிட்டால் கிளிக் காய்ச்சலை யாரும் யோசிக்க மாட்டார்கள்.

கடிப்பது பச்சைக்கிளி என்றால்?

அங்கே கேள்வியே வேறு. திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூர் என்று ஊரே இருக்கிறது. சுக முனிவர் கிளி உருவில் சிவனை வழிபட்டதாக அந்த ஊர்க் கோயிலின் தல புராணம். ஆனால் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். 2023 பிப்ரவரியில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் இருந்த இரண்டு அலெக்சாண்டிரின் கிளிகளை வனத்துறை மீட்டதும், அவருக்கு 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததும் செய்தியானது. பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் பயிற்சியைத் தேடுவதை விட்டு, அருகில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். பட்ஜி, காக்டெயில் ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சன் கன்யூர், சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்கள் என்றால், 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நேற்றுவரை கடிக்காத பறவை இன்று கடித்தால்?

இதுதான் அலட்சியப்படுத்தக் கூடாத கட்டம். பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும். வலியைக் காட்டும் முதல் அறிகுறியே கடியாக இருக்கலாம். உடம்பைப் புசுபுசுவென ஊதிக்கொண்டு உட்காருவது, எச்சத்தின் நிறம் மாறுவது, மூச்சுக்கு ஒருமுறை வால் ஆடுவது ஆகியவை சேர்ந்து வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும் என்பதால், பறவைக்குத் தனிக் கவனிப்பு தேவைப்பட்டால் திண்டிவனம், விழுப்புரம்காரர்களுக்குப் பக்கம் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். அதைவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. வெயில் ஏறும் முன் கிளம்பி, கூண்டை மெல்லிய துணியால் பாதி மூடி எடுத்துப் போகலாம். முந்தின நாள் எச்சம் படிந்த பேப்பரையும், கடிக்கும் நேரத்தில் மொபைலில் எடுத்த வீடியோவையும் டாக்டரிடம் காட்டலாம். மருத்துவமனை மேஜையில் பறவை அந்தச் சேட்டையைச் செய்யாமல் கம்மென்று உட்கார்ந்திருக்கும்.