ரேடியேட்டர் புதுசு, சூடு பழசு

ரேடியேட்டர் மாற்றியாகிவிட்டது. வாட்டர் பம்ப் புதிது, ஹோஸ்களும் புதிது. வொர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்து ஐந்தாறு கிலோமீட்டர் போவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. போன் போட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், கழற்றிப் பார்த்துடலாம்." பெரிய செலவு. அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒன்று கேட்க வேண்டும்: "ஏர் எடுத்தீங்களா அண்ணே?"

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சம் கூலண்டின் தலையில் விழுகிறது. அந்த ஒரு கோடி ஜூல், 30 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். சிறிய காரில் ஓடுவதோ நான்கைந்து லிட்டர் கூலண்ட். அது ஓயாமல் சுற்றி, ரேடியேட்டரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பினால்தான் இன்ஜின் பிழைக்கும்.

இந்தச் சுற்றுப்பாதையில் காற்று புகுந்தால் கதை மாறுகிறது. ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று சுமக்காது. பழைய கூலண்டை வடித்துப் புதியதை ஊற்றும்போது, உயரமான இடங்களில், முக்கியமாக சிலிண்டர் ஹெட்டிலும் ஹீட்டர் குழாயிலும், காற்று தங்கிவிடும். ரேடியேட்டர் வாய்வரை நிரம்பித் தெரியும்; உள்ளே ஒரு லிட்டர்கூடக் குறைவாக இருக்கலாம். குமிழி பம்புக்குள் போய்விட்டால், பம்பின் இறக்கைகள் சுழன்றாலும் கூலண்ட் நகராது. மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பது இதைத்தான்.

தெர்மோஸ்டாட்டும் இதில் ஏமாறும். அதன் பித்தளைக் கிண்ணத்தில் இருக்கும் மெழுகு, பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் உருகிப் பருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். சூடான கூலண்ட் தொட்டால்தான் மெழுகு சரியான நேரத்தில் உருகும். சுற்றிக் காற்று நின்றால் வால்வு தாமதமாகத் திறக்கிறது. அதற்குள் ஹெட் கொதிக்கிறது. இதற்காகவே பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் ஒரு சிறு துளையும் அதில் தளர்வாக ஆடும் ஊசியும் உண்டு, காற்று நழுவி மேலேறுவதற்கு. அந்த ஊசி மேல்பக்கம் வரும்படி மாட்ட வேண்டும். அவசரத்தில் கீழே வைத்து மாட்டிவிட்டால் துளை இருந்தும் பயனில்லை.

"தெர்மோஸ்டாட்டே வேணாம் சார், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" என்று கழற்றி வீசுவோர் இன்றும் இருக்கிறார்கள். தவறான வைத்தியம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அது இல்லாவிட்டால் சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். வேகமாகப் போகும்போது சூடு கூடும். காலையில் இன்ஜின் சூடேறாமல் பெட்ரோலைக் குடிக்கும்.

தங்கிய காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது; பொறுமையான வேலை. இன்ஜின் ஆறியிருக்கும்போது வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டர் வாயில் புனல் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும். முதலில் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். மேல் ஹோஸைக் கையால் பிசைந்தால் 'குபுக்' என்று ஒரு பெரிய குமிழி வெளியேறி, புனலில் கூலண்ட் சட்டென்று இறங்கும். இறங்க இறங்க ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து, மேல் ஹோஸ் சூடாகி, உள்ளே ஹீட்டரும் அனல் வீசினால் கூலண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், காற்று இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சில மாடல்களில் காற்றை வெளியேற்றவென்றே தனித் திருகு உண்டு.

ஏர் எடுத்தும் முள் ஏறினால், எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் ஃபேன் மேல் சந்தேகம். ஊருக்குள் சரியாக இருந்து பைபாஸ் சாலையில் முள் ஏறினால் கூலண்ட் ஓட்டத்தில் தடை: அடைத்த குழாய், உறிஞ்சலில் ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ், நழுவும் பெல்ட். பழுதுக்குப் பிறகு வரும் விசித்திரமான கோளாறு ஒன்று உண்டு. ஃபேன் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் டி.சி. மோட்டார் பின்னோக்கிச் சுழலும். முன்னாலிருந்து வரும் காற்றை எதிர்த்து ஊதும். கிரில் முன் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தால் போதும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் தாளை இழுத்துக்கொள்ள வேண்டும், தள்ளக் கூடாது.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அதன் ஸ்பிரிங் செய்கிறது: சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிவரை கொதிக்காது. ரப்பர் வெடித்த பழைய மூடியைப் புது ரேடியேட்டரில் மாட்டினால் அந்த 20 டிகிரி போய்விடும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளிருப்பது ஆவியாகி முகத்தில் அடிப்பதும் இதே காரணத்தால்தான்.

முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. பல கார்களில் அது 80 முதல் 100 டிகிரிவரை எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றால், உள்ளே கொதித்தாலும் முள் சாதுவாகப் படுத்திருக்கும். ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சிறு ஸ்கேனர் டிகிரிக் கணக்கைக் காட்டும். ஆனால் அதுவும் சென்சார் சொல்வதைத்தான் சொல்லும்.

ஏர் எடுத்த மறுநாள் காலை கூலண்ட் மட்டம் சற்று இறங்கியிருந்தால் பயமில்லை, ஒளிந்திருந்த காற்று வந்திருக்கும். கசிவே இல்லாமல் தினமும் இறங்கினால்தான் கேஸ்கெட் பேச்சு. அப்போதும் முதலில் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் வாயுவை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த புகையின் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் மெக்கானிக் சொன்னது சரி. ஹெட்டைக் கழற்றியதும் அது வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஹெட்டின் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவது. ஒரு முறை நன்றாகக் கொதித்த ஹெட், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வளைந்திருந்தாலே புது கேஸ்கெட்டும் நிற்காமல் போகலாம்.