தறிக்கு இடமுள்ள வீடு

நம் முன்னோர் செய்த தருமங்களை எண்ணப் புகின் அன்னசத்திரம், தண்ணீர்ப் பந்தல், குளம், சாவடி, பாடசாலை என்று வரிசையாக வரும். உழைத்து உண்ணும் ஏழைக்குக் குடியிருக்க வீடு கட்டித் தருதல் அவ்வரிசையில் எளிதில் இடம் பெற்றதில்லை. பசித்தவனைக் கண்டு இரங்கிய தேசம், கூரையின்றி நனைபவனை ஊழ்வினை என்று விட்டுவிட்டது. அக்காலம் இன்று மாறி வருகிறது. சர்க்கார் நிலம் அளிக்க, செல்வரும் கம்பெனிகளும் தரும ஸ்தாபனங்களும் பொருள் அளிக்க, இருவரும் ஒப்பந்தம் எழுதி ஏழைகளுக்கு ஊரையே அமைத்துக் கொடுக்கும் முறை தோன்றியிருக்கிறது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயின் அவ்வொப்பந்தத்தில் வீட்டில் வாழப் போகிறவனின் கையொப்பம் எங்கே என்று கேட்பது நமது கடமையாகும்.

இக்கேள்வியைக் களம்பூரில் நின்று கேட்டால் அதன் பொருள் நன்கு விளங்கும். ஆரணிக்கும் போளூருக்கும் இடையே உள்ளது இவ்வூர். ஆரணிக்குச் செல்வோர் ரயிலை விட்டு இறங்கும் ஆரணி ரோடு நிலையம் இங்கேதான் இருக்கிறது. நெல் ஆலைகளால் பெயர் பெற்ற இவ்வூர், ஆரணிப் பட்டின் வட்டாரத்தைச் சேர்ந்தது. பட்டு நெசவாளனுக்கு வீடு என்பது உண்டு உறங்கும் இடம் மாத்திரமன்று; அதுவே அவன் தொழிற்சாலை. குழித்தறிக்குத் தரையைத் தோண்ட வேண்டும். தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டி ஏற்றினால் கூரை உயரமாயிருக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் இழை சுற்றவும் தார் சுற்றவும் பக்கத்தில் இடமும் வெளிச்சமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுபோம். வேலை நின்றால் கூலி இல்லை. ஈரம் தாக்கினால் பாவு கெடும், ஜரிகை மங்கும்.

அன்றியும் தெருவும் அவன் தொழிற்சாலையே. சேலை ஒன்றுக்கு ஆறு கெஜம் என்று கொண்டால், மூன்று சேலைக்குரிய பாவு 54 அடி நீளும். அதனை விடியற்காலையில் தெருவில் நீட்டி இழை திருத்துவதற்கு அண்டை வீட்டார் கையும் நேரான தெருவும் இன்றியமையாதன. எனவே, நெசவாளருக்கு வீடு கட்டுவோர் சுவரை மாத்திரம் எழுப்பினால் போதாது. தெருவையும் அண்டையையும் சேர்த்தே அமைத்தல் வேண்டும்.

இதுகாறும் வந்த திட்டங்கள் இதனை எண்ணினவா? 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம் 1.80 லட்சம் ரூபாயில் 300 சதுர அடி வீடு தந்தது. 2024-இல் அறிவிக்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி என்று வகுத்தது. இரண்டும் கிராம ஊராட்சிகளை நோக்கி எழுந்தவை, களம்பூரோ பேரூராட்சி. நகரங்களுக்கென 2015-இல் வந்த பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் தானே வீடு கட்டிக்கொள்ள விரும்பியவன் தன் பெயரில் மனையுடையவனாயிருக்க வேண்டியிருந்தது. வாடகை வீட்டில் தறி போட்டவன் அதற்கு எங்கே போவான்? 2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கின்படி இத்தேசத்தில் கைத்தறியை நம்பிய குடும்பங்கள் 31 லட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் நூற்றுக்கு 66-க்கு மேல் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானம் உடையவை. அவ்வருமானத்தில் மனை வாங்குவது கனவே.

சர்க்காரும் தருமவான்களும் சேர்ந்து வீடு கட்டுவது புதிதன்று. லண்டனில் வணிகம் செய்த ஜார்ஜ் பீபாடி என்னும் அமெரிக்கர், அந்நகரத்து ஏழைத் தொழிலாளருக்கு வீடு கட்ட 1862-இல் 1,50,000 பவுன் அளித்தார். பின்னர் மேலும் கொடுத்து அதனை ஐந்து லட்சமாக்கினார். 1875-இல் பார்லிமெண்டு சட்டம் செய்ய, நகர அதிகாரிகள் சேரிகளை இடித்து நிலத்தைக் குறைந்த விலைக்கு அந்நிதிக்கு விற்றனர். உறுதியான கட்டடங்கள் எழுந்தன. ஆயின் விதிகளும் எழுந்தன. வாடகையை நிலுவை வைக்கலாகாது. வெளியார் துணியை வீட்டுக்குக் கொணர்ந்து வெளுத்தல் கூடாது. வெளுத்துப் பிழைத்த கைம்பெண் வாசலுக்கு வெளியே நின்றாள். எவருடைய குடிசை இடிக்கப்பட்டதோ அவருள் மிக ஏழையர் புதுக் கட்டடத்தில் நுழைய இயலவில்லை. வீட்டில் இருந்து தொழில் செய்பவனை மறந்த தருமத்தின் பயன் இதுவே.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் சுமார் எட்டாயிரம் உயிரைக் கொள்ளை கொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேல். 2005 ஜனவரி 13-இலேயே தமிழக அரசு ஆணை பிறப்பித்துத் தொண்டு ஸ்தாபனங்களையும் கம்பெனிகளையும் ஊர்களை ஏற்றுக்கொள்ளுமாறு அழைத்தது. அதே ஆண்டு மார்ச் 30-ஆம் தேதிய ஆணை முறைகளை வகுத்தது. நிலம் சர்க்காருடையது, கிராமமாயின் மூன்று சென்ட், நகரமாயின் ஒன்றரை சென்ட். வீடு 300 முதல் 325 சதுர அடி. அதன் மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். கலெக்டரும் ஸ்தாபனத்தாரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அனைத்தையும் இழந்து நின்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கான்கிரீட் வீடு பெற்றன. இந்நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

எனினும் அவ்வூர்களை ஆராய்ந்தவர் எழுதியவற்றையும் நாம் கேட்டல் வேண்டும். மனையைச் சமன் செய்வதற்காகப் பல ஊர்களில் நிழல் தந்த மரங்கள் வெட்டப்பட்டன. அலை தொடாத நல்ல வீடுகள் சிலவும் இடிக்கப்பட்டன. திண்ணையும் வெளிப்புற அடுப்படியும் உள்ள வீட்டுக்குப் பதில் ஒரே அச்சில் வார்த்த தட்டைக்கூரை வீடுகள் வரிசையாக நின்றன. வலையை எங்கே உலர்த்துவது, மீனை எங்கே காயவைப்பது, பகல் வெயிலில் எங்கே உட்காருவது என்று வரைபடம் எழுதினோர் பரதவரைக் கேட்கவில்லை. கொடுத்தவர் மனம் நல்லதே. ஆனால் நல்ல மனம் வரைபடம் ஆகாது.

மற்றொரு வழியை ஈழத்தில் காண்கிறோம். போரில் வீடிழந்த தமிழருக்கென இந்திய சர்க்கார் ஐம்பதாயிரம் வீடுகளுக்குப் பொருள் வழங்கியது. முதல் ஆயிரம் வீடுகளைக் காண்டிராக்டர்கள் கட்டினர். 2012 அக்டோபர் 2-இல் தொடங்கிய பெரும் பகுதியிலோ முறை மாற்றப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாக அக்குடும்பத்தின் கணக்கிலேயே சேர்ந்தது. வீட்டுக்காரரே கொத்தனாரை அமர்த்திக் கட்டினர். செஞ்சிலுவைச் சங்கமும் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு ஸ்தாபனமும் பிறவும் தொழில்நுணுக்கம் கற்பித்து மேற்பார்வை செய்தன. குறையில்லை என்று சொல்வதற்கில்லை. சாமான் விலை ஏறக் கடன்பட்டோர் உண்டு. நகை அடகு வைத்தோர் உண்டு. ஆண் துணையற்ற குடும்பங்கள் அல்லற்பட்டதும் உண்டு. ஆயினும் வீடு தம்முடையது என்ற உணர்வு அங்கே முதற்கல்லோடு பிறந்தது. தருமவான் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் இவ்வனுபவம் காட்டுகிறது. வீட்டுக்காரனுக்கு எட்டாத பணத்தையும், இல்லாத ஆளையும், தெரியாத நுணுக்கத்தையும் ஈடுசெய்வதே அவன் இடம்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டும். எவ்வெவற்றிற்கு என்று கூறும் ஏழாம் அட்டவணையில் குடிசைப் பகுதி மேம்பாடு உண்டு. மரபுவழிக் கலைகளையும் கைத்தொழில்களையும் வளர்த்தலும் உண்டு. நெசவாளன் வீடு இவ்விரண்டும் சந்திக்குமிடமன்றோ? ஆதலின் அவன் கேட்பது பிச்சையன்று. சட்டம் வகுத்த கடமையின் ஒரு பங்கையே அவன் கேட்கிறான்.

களம்பூர் போன்ற ஊர்களில் இதனைச் செய்யும் முறை எது? முதலாவது, ஒரு செங்கல் வைக்கும் முன் மனைப்பட்டா வழங்கப்பட வேண்டும். இது சர்க்காரின் வேலை. இரண்டாவது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் வீட்டுப் பெண்களும் இருந்து பார்த்து ஒப்பிய பின்னரே வரைபடம் முடிவாக வேண்டும். மூன்றாவது, சர்க்கார் மானியம் குடியிருக்கும் அறைகளுக்குச் செல்ல, நிதிமான்களின் பொருள் தறி அறைக்கும், நீர் ஊறாத தறிக்குழிக்கும், மழையில் பாவு நீட்டப் பொதுக்கொட்டகைக்கும் செல்லட்டும். நான்காவது, திறப்பு விழாவோடு தொடர்பு அற்றுப் போகாமல், பத்தாண்டுப் பராமரிப்பும் ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். அவ்வொப்பந்தத்தில் கலெக்டர் ஒரு பக்கம், பொருள் தருவோர் ஒரு பக்கம், நெசவாளர் மூன்றாம் பக்கம் கையொப்பமிடுக. மூன்றாம் ஒப்பமில்லாத பத்திரம் செல்லாது என்று சர்க்காரே விதி செய்க.

1905 ஆகஸ்டு 7-இல் கல்கத்தாவில் அந்நியத் துணியை விலக்கி எழுந்த சுதேசிக் கிளர்ச்சியின் நினைவாக, 2015 முதல் அந்நாளைத் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். நெசவாளனைப் பொன்னாடை போர்த்திப் போற்றுகிறோம். பொன்னாடை நெய்தவன் அன்று மாலை ஒழுகும் கூரையின் கீழ்த் தறிக்குழி நீரை இறைத்துக் கொண்டிருப்பானாயின் அக்கொண்டாட்டம் யாருக்கு?

தேசத்தொண்டு புரிய விழையும் இளைஞர்களே! மேடையை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமும் எடுத்துக்கொண்டு நெசவாளர் தெருக்களுக்குச் செல்லுங்கள். எத்தனை தறி, எத்தனை மனை, யார் பெயரில் பட்டா, எத்தனை குழியில் நீர் ஊறுகிறது, பாவுக்கு எத்தனை அடி வேண்டும் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். அக்கணக்கைக் கலெக்டர் முன்னும் கம்பெனிகளின் முன்னும் வையுங்கள். கணக்கோடு சென்றவனை வெறுங்கையோடு அனுப்புவது எந்த சர்க்காருக்கும் எளிதன்று.