பழுது காதிலா, கருவியிலா?

கோவிலில் சாமியார் சொல்வது ஒன்றும் காதில் விழவில்லை என்று என் தாயார் முறையிடத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. வயது எண்பதைக் கடந்தவர். "வாய் அசையுறது தெரியுது, என்ன சொல்லுதாருன்னுதான் தெரியல" என்பார். நாங்கள் அதை முதுமையின் கணக்கில் எழுதிவிட்டோம். வீட்டிலும் அவரிடம் உரக்கப் பேசலானோம். காது மருத்துவர் சோதித்துவிட்டு, வயதுக்கேற்ற குறைவுதான், கருவி பொருத்த வேண்டியதில்லை என்றார். அதன் பின்னும் எங்கள் எண்ணம் மாறவில்லை. முறையிட்டுச் சலித்துப்போன அம்மா, பூசைக்குப் போவார், செபமாலையை உருட்டுவார், திரும்பி வருவார். இன்று என்ன வாசகம் என்று கேட்டால் பதில் இராது.

ஒரு ஞாயிறன்று ஆண்கள் பகுதியில் இடமின்றி, பெண்கள் பகுதியின் கடைசித் தூணருகே நிற்க நேர்ந்தது. எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை! தூணில் மாட்டியிருந்த நீண்ட ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து கரகரப்பு ஒன்றே வந்தது. அந்தத் தூணருகில்தான் என் தாயார் ஓராண்டாக அமர்ந்திருந்தார். சுற்றியிருந்த பாட்டிமார் எல்லாரும் அதே நிலையில்தான் இருந்திருக்கிறார்கள். பெரியவர்களின் குறை என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம்.

பங்குப் பேரவையில் பேச்சு எழுந்ததும், பழையவற்றைக் கழித்துவிட்டுப் புதிதாகவே வாங்கலாம் என்றனர் பலர். பங்குத்தந்தை ஒரு வார அவகாசம் தந்தார். நான் கடைத்தெருவில் வானொலிப்பெட்டி பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் செய்தவற்றை அருகிருந்து பார்த்தேன். நம் பங்குகள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி முதலில் திருப்புளியைக் கையில் எடுக்கவேயில்லை. ஆம்பிளிபையரை நிறுத்தச் சொல்லி, ஊமைப் பெட்டியை இறக்கி, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த எதிர்ப்பக்கப் பெட்டியின் கம்பியில் அதை இணைத்தார். அங்கும் அது கரகரத்தது. "மைக் நல்லா இருக்கு, ஆம்பிளிபையர் நல்லா இருக்கு, கம்பியும் நல்லா இருக்கு. நோய் பெட்டிக்குள்ளதான்" என்றார். இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பாராமல்தான் பலர் நல்ல மைக்கையும் நல்ல ஆம்பிளிபையரையும் மாற்றிப் பணத்தை வீணாக்குகின்றனர்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே 6 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு; இவ்விரண்டாகத் தொடராக இணைத்து, அவ்விரு சோடிகளையும் பக்க இணைப்பாகச் சேர்த்திருந்தனர். கூடவே ஒரு சிறு டிரான்ஸ்பார்மர். அது எதற்கு என்று கேட்டேன். நூறு மீட்டர் தொலைவுக்கு அரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இழுத்தால், போகவும் வரவுமாக அதன் தடையே ஏறத்தாழ 7 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை அதில் நேராக மாட்டினால், ஆற்றலில் கிட்டத்தட்டப் பாதி கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். ஆதலால் 100 வோல்ட் அளவில் ஒலியை அனுப்பி, பெட்டியருகே டிரான்ஸ்பார்மரால் குறைத்துக்கொள்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி தாக்கும், எச்சரிக்கை வேண்டும்.

டிரான்ஸ்பார்மரின் கம்பியைக் கழற்றிய பிறகே அவர் மல்டிமீட்டரை வைத்தார். கழற்றாமல் வைத்தால் அதன் சுருளே அளவில் வந்து, அறுந்த ஸ்பீக்கரும் நல்லது போலக் காட்டுமாம். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. ஆறு, ஆறரைதான் காட்டும். நான்கும் நலமாயிருந்தால் மொத்தமும் அதே ஆறரையாக இருக்க வேண்டும். இங்கே பதின்மூன்று காட்டிற்று. ஒரு சோடி முழுவதும் அறுபட்டிருக்கிறது என்பது அதன் பொருள். ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கண நேரம் தொட்டுக் காட்டினார். இரண்டு ஸ்பீக்கர்கள் 'டப்' என்றன, இரண்டு வாய் திறக்கவில்லை.

இரண்டும் கெட்டுப் போயினவோ என்று நான் கவலைப்பட, அவர் சிரித்தார். தொடரில் ஒன்று அறுந்தால் மற்றதும் ஊமைதானே! தனித்தனியே அளந்தபோது ஒன்று நலமாகவே இருந்தது. மற்றதிலும் சுருள் எரியவில்லை. காகிதக் கூம்பின் மேலுள்ள இரு புள்ளிகளில் மீட்டரை வைத்ததும் முள் அசைந்தது. கூம்பிலிருந்து வெளிமுனைக்கு வரும் கம்பி மட்டுமே அறுந்திருந்தது. அந்தக் கம்பி நூலின் மேல் செப்புச் சரிகை சுற்றியது; கூம்பு ஒவ்வொரு நொடியும் நூற்றுக்கணக்கான முறை அதிர்வதைத் தாங்கும் நெகிழ்வு அதற்குண்டு. முன்பு பழுதுபார்த்தவர் யாரோ சாதாரணச் செப்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார். அது துவண்டு துவண்டு ஒடிந்துவிட்டது. சரிகைக் கம்பியில் ஒரு சாண்கூடத் தேவைப்படவில்லை. இழுபடாமலும், கூம்பில் உரசாமலும், பழைய அளவுக்கே தளர்வு விட்டுப் பற்றவைத்தார்.

ஆனால் கரகரப்பு அந்தச் சோடியுடையதன்று; பேசிக்கொண்டிருந்த சோடியுடையது. அவற்றுள் ஒன்றின் கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக, மெல்ல அழுத்தச் சொன்னார். உள்ளே 'சரக் சரக்' என்று உரசுவது விரலுக்கே தெரிந்தது. முகர்ந்தால் கருகல் வாடை. சுருள் சூட்டில் கோணிக் காந்தச் சுவரில் தேய்ந்துகொண்டிருந்தது. இதற்குப் புதுக் கூம்பும் சுருளும்தான் மருந்து. பழையதை வெட்டி எடுத்து, காந்த இடைவெளியிலிருந்த இரும்புத் துகளை ஒட்டுநாடாவால் ஒற்றி ஒற்றி எடுத்தார். புதிய சுருளை நடுவில் நிறுத்த, பழைய எக்ஸ்ரே படச்சுருளை மெல்லிய பட்டைகளாக நறுக்கிச் சுருளுக்கும் நடுக்காந்தத்துக்கும் இடையே செருகினார். பசை ஒரு நாள் முழுதும் காய்ந்த பின் பட்டைகளை உருவிவிட்டு, நடுமூடியை ஒட்டினார். முடிவில் பேட்டரியை மறுபடி தொட்டு, நான்கு கூம்புகளும் ஒரே திசையில் துள்ளுகின்றனவா என்று பார்த்தார். ஒன்று எதிர்த்திசையில் துள்ளினால் மற்றவற்றின் ஒலியை அதுவே தின்றுவிடும்.

காந்தத்தின் நடுவே சுருளை மிதக்கவிடும் இந்த எண்ணம் நூறாண்டுக்கு மேற்பட்டது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் 1915ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாளில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன் கூடிய மக்களுக்கு இத்தகைய ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் மேக்னவாக்ஸ். இலத்தீனில் பெருங்குரல் என்று பொருள். இன்றுள்ள காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் வடிவத்தை 1925இல் ரைஸ், கெல்லாக் என்போர் வகுத்தனர்.

பெட்டி பேசிற்று. நான் நன்றி சொல்லப் போனேன், அண்ணாச்சியோ கிளம்பவில்லை. "சுருள் ஏன் கருகிச்சு? அது தெரியாமப் புதுசு போட்டா, அடுத்த திருவிழாவுக்கு இதுவும் போயிரும்" என்றார். ஆம்பிளிபையர் 60 வாட். தொடக்கத்தில் பெட்டிகள் இரண்டு. டிரான்ஸ்பார்மரில் ஒவ்வொன்றும் 20 வாட் முனையில் இருந்ததால் 40தான். பின்னர் முகப்பு மண்டபத்துக்கென ஒரு குடும்பத்தார் இரண்டு பெட்டிகளைக் காணிக்கையாகத் தந்தனர்; அவையும் 20 முனையிலேயே மாட்டப்பட்டன. ஆக 80. சரிகைக் கம்பி அறுந்து பெண்கள் பக்கம் ஒலி குறைந்ததும், கோவில்பிள்ளை நல்லெண்ணத்தோடு ஒலியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். சுமை தாங்காத ஆம்பிளிபையரில் ஒலியலையின் தலை நறுக்கப்பட்டதுபோல் தட்டையாகிவிடும். அப்போது குரல் கரகரப்பதோடு, சுருளும் ஓய்வின்றிச் சூடேறும். அண்ணாச்சி நான்கு பெட்டிகளையும் 10 வாட் முனைக்கு மாற்றினார். ஒலி குறையுமே என்றேன். "தெளிவா இருந்தா இது போதும்" என்றார். போதுமானதாகவே இருந்தது.

திறந்தவெளியில் மாட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்கு மேற்கண்ட கை அழுத்தச் சோதனை பொருந்தாது; அதன் பின்புற யூனிட்டுக்குள் மெல்லிய தகடு மறைந்திருக்கிறது. தகடு போனால் அதை மட்டும் மாற்றலாம். யூனிட்டைக் கூம்பிலிருந்து கழற்றி வைத்து உரத்து ஒலிக்கச் செய்யலாகாது; காற்றின் எதிர்ச்சுமை இன்றித் தகடு பிய்ந்துவிடும். பறை, முரசு போன்றவற்றின் தாழ்ந்த ஒலிகளை அதில் ஏற்றுவதும் அவ்வாறே. ஒலி மங்கினால் தொண்டைப் பகுதியில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இப்படிக் குளவிக் கூட்டை எடுத்ததுமே சரியானவை பல என்றார் அண்ணாச்சி.

செலவு புதுப் பெட்டியின் விலையில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு அம்மா வழக்கமான தூணருகே அமர்ந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. நானே பொறுக்கமாட்டாமல், "இன்னைக்குக் கேட்டுதாம்மா?" என்றேன்.

"நல்லாக் கேட்டுது. சாமியார் கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாம்" என்றார்.