சாம்பற் சுவரும் எமது வரவேற்பறையும்

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கவென இங்கு வந்திறங்கும் தாய்மாரிற் பலர், வரவேற்பறைக்குள் காலடி வைத்ததும் சுவரைப் பார்த்துத்தான் முதலிற் பேசுகின்றனர். "என்ன பிள்ளை, சுவரெல்லாம் சுடலைச் சாம்பல் மாதிரிக் கிடக்குது?" என்று எமது அன்னையாரும் கேட்டார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்நிறத்தை நாம் தெரிந்தெடுக்கவில்லை என்பதே உண்மை.

சுவிற்சர்லாந்தில் வாழ்வோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் வாடகை வீடுகளிலேயே வசிக்கின்றனர். எம்மவருள் சொந்த வீடு வாங்கியோர் இருப்பினும், பலர் இன்றும் வாடகையிலேயே காலங்கழிக்கின்றனர். வாடகை வீட்டின் சுவர் வெள்ளையாக இருக்கும். அல்லது இளஞ்சாம்பலாக இருக்கும். எவருடைய தளபாடத்திற்கும் பொருந்தும், எவருக்கும் பெருவெறுப்பை ஊட்டாது என்பது வீட்டுக்காரரின் கணக்கு. எவருக்கும் பெருவிருப்பை ஊட்டாது என்பதும் அதே கணக்கில் அடங்கும்.

எவருக்கும் முதலில் தோன்றுவது, சுவருக்கு வேறு வர்ணம் பூசிவிடலாம் என்பதே. நாமும் அவ்வாறே செய்தோம். பல ஆண்டுகளின் முன்னர், முந்திய குடியிருப்பில், ஒரு சனி ஞாயிறில் மூன்று வாளி மாம்பழ மஞ்சளை வாங்கி நண்பர்கள் கூடிப் பூசினோம். வீட்டை ஒப்படைக்கும் நாளில் நிர்வாகத்திலிருந்து வந்தவர் சுவரை ஒருமுறை பார்த்தார். பத்திரத்தில் ஒரு வரி எழுதினார். எம்மிடம் கையொப்பம் வாங்கினார். மஞ்சளை மறைக்கப் பூசிய வெள்ளைக்கான செலவு எமது முற்பணத்திலிருந்து கழிக்கப்பட்டது. அப்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 260ஏ பிரிவின்படி, வீட்டில் மாற்றம் செய்ய விரும்பும் வாடகையாளர் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்துமூலம் பெறல் வேண்டும். அவ்வாறு சம்மதித்த வீட்டுக்காரர், பழைய நிலைக்கு மீளக் கொணருமாறு கேட்பதற்கும் அது முன்கூட்டியே எழுத்தில் உடன்படப்பட்டிருக்க வேண்டும். வதிவிடத்திற்கான முற்பணம் மூன்று மாத வாடகை வரை செல்லக்கூடியது. துப்புரவு வேலையிலும் உணவகத்திலும் உழைத்துச் சேர்த்த மூன்று மாத வாடகையை ஒரு வாளி வர்ணத்திற்காகப் பணயம் வைத்தல் தகுமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். சாம்பற் சுவரை அப்படியே விட்டுவிட்டு, அதன் முன்னால் எதை வைப்பது என்று எண்ணுவதே எமது இன்றைய வழக்கம்.

இங்குதான் ஊரிலிருந்து கொண்டுவந்த கண் எம்மை ஏமாற்றுகிறது. யாழ்ப்பாணத்துக் கல்வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை. தரைக்கு மினுக்கிய சிவப்புச் சீமெந்து. யன்னலுக்குப் பச்சை அல்லது நீலம். மார்கழியிற்கூட அங்கு பதினொன்றரை மணி நேரம் பகல் உண்டு; நண்பகற் சூரியன் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். அந்த வெளிச்சத்திலிருந்து ஒதுங்கவே எமது முன்னோர் விறாந்தையை அமைத்தனர். சூரிச்சிலோ அதே நாளில் பகல் எட்டரை மணி நேரமே. சூரியன் 19 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதுவும் தென்பட்டால்தான். ஓல்ற்றன், ஆரவ் பகுதிகளில் வசிப்போர் புகார் மூடிய நாட்களை எண்ணிக் களைத்தவர்கள். அந்த ஒளியில், அதிலும் வடக்கு நோக்கிய அறையில், சாம்பல் நிறம் நீலமோடிக் குளிர்ந்துவிடும். உங்கள் சுவர் எவ்வகைச் சாம்பல் என அறிய ஒரு வெள்ளைக் கடதாசியைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். நீலமா, பச்சையா, மண்ணிறமா உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது புலப்படும். பகலில் ஒருமுறையும் விளக்கேற்றிய பின் ஒருமுறையும் பார்ப்பது நன்று.

சாம்பல் நிறத்திற்கு மற்றுமொரு குணம் உண்டு. அருகில் எந்த நிறம் இருக்கிறதோ அதற்கு எதிரான நிறம் அதன்மேற் படிந்ததுபோற் கண்ணுக்குத் தோன்றும். பரிசின் கொபெலின் திரைச்சீலைத் தொழிலகத்தில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர் செவ்ரோல், கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை என்ற முறைப்பாட்டை ஆராயப் புகுந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்திலேயே உள்ளது எனக் கண்டு 1839 இல் நூலாக வெளியிட்டார். பேர்ண் மாநிலத்திற் பிறந்து, 1938 முதல் 1954 வரை சூரிச் கலைத்தொழிற் கல்லூரியின் தலைவராயிருந்த யொகான்னஸ் இற்றன், இதனை மாணவருக்கு நிறச் சதுரங்களின் நடுவே சாம்பற் சதுரம் வைத்துக் காட்டினார். சிவப்பின் நடுவே வைத்த சாம்பல் பச்சையாடும். மஞ்சளின் நடுவே வைத்தது ஊதாவாடும். கடைத்தெருவில் அழகாயிருந்த பளீர் மஞ்சள் திரைச்சீலை, வீட்டிற்கு வந்ததும் சுவரை ஏன் நோயாளியின் முகம்போல் ஆக்குகிறது என்பதற்கு இதுவே காரணம். அறை இருண்டிருக்கிறதென்று மேலும் மேலும் மஞ்சள் சேர்ப்பவர் சுவரை மேலும் மேலும் குளிரப்பண்ணுகிறார். நிறத்தின் பளீர்த்தன்மையைக் குறைத்தால், அல்லது சுவரைவிட நன்கு கடுமையான நிறத்தை எடுத்தால், அல்லது இரண்டிற்கும் இடையில் ஒரு மரச்சட்டமோ வெள்ளைக் கரையோ விட்டால் இத்தொல்லை தணியும்.

அப்படியாயின் எந்நிறம்? எமது பெண்கள் இதனை எம்மைவிட நன்கறிவர். சேலைக் கடையில் அரக்கு, மயிற்கழுத்து, வெங்காய நிறம், மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் தளபாடக் கடையில் மட்டும் வாயடைத்து நிற்பதேன் என்பது எமக்கு விளங்கவில்லை. சேலையில் உடல், கரை, முந்தானை என மூன்று உண்டு. உடல் அடக்கமாயிருந்தால் கரை பேசலாம். வரவேற்பறையில் உடலைச் சுவர் எடுத்துக்கொண்டுவிட்டது. திரைச்சீலையும் கம்பளமும் கரை. மெத்தை உறைகள் முந்தானை. நீலமோடிய சாம்பலுக்கு அரக்கும் மண்ணிறமும் இசையும். மண்ணிறமோடிய சாம்பலுக்கு மயிற்கழுத்து நிறம் மிக எடுப்பாக இருக்கும். பச்சையோடியதற்கு வெங்காய நிறத்தைப் பரிந்துரைப்போம். மாம்பழ மஞ்சளை விலக்க வேண்டுமென்பதில்லை. முழத்திற்கு மேற்படாமல், ஓர் உறையாகவோ பூச்சாடியாகவோ வைத்தால் அழகு. கறுப்புத் தோற் செற்றியைக் கடனுக்கு வாங்கிச் சாம்பற் சுவரோடு போட்டவர்கள் எம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இதிலுள்ள எல்லாமே இன்னும் அவசரமாகப் பொருந்தும்.

வாங்கமுன் பார்க்க ஒரு வழி உண்டு. முன்னைய மஞ்சட் பத்துப் பிறாங் தாளில், கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தியபடி ஒருவர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? 1997 இல் வெளிவந்து 2021 இற் செல்லாதாகிய அத்தாளில் இருந்தவர், லா சோ-து-ஃபோனில் 1887 இற் பிறந்து பின்னர் இந்தியாவின் சண்டிகார் நகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லு கொர்புசியே. அவர் 1931 இல் பாசல் நகரின் சலூப்ரா சுவர்த்தாள் நிறுவனத்திற்காக 43 நிறங்களைத் தெரிந்து கொடுத்தார். அவற்றுட் பல வகைச் சாம்பல்கள் உண்டு. அந்த மாதிரிப் புத்தகத்தோடு துளை வெட்டிய மட்டையும் கொடுக்கப்பட்டது. மட்டையை வைத்தால் வேண்டிய நிறங்கள் மாத்திரம் தெரியும், மற்றவை மறையும். ஒரு பழைய மட்டைப்பெட்டியில் நாமும் அவ்வாறு துளை வெட்டலாம். துணி மாதிரியைச் சுவரில் குத்தாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, துளையூடாகச் சுவரையும் துணியையும் மட்டும் சேர்த்துப் பார்த்தால் கண் வேறெங்கும் ஓடாது. இரண்டு நாள் விட்டுப் பார்த்து வாங்குங்கள். மின்குமிழையும் கவனியுங்கள்: 4000 கெல்வின் என எழுதியது சாம்பலைக் கந்தோர்ச் சுவராக்கும், 2700 என்பது வீட்டுக்கு ஏற்றது.

இவையெல்லாம் சொந்தச் சாவி கிடைத்தவர்களுக்கான பேச்சு என்று அகதி நிலையத்தில் இருப்போர் கூறக்கூடும். நாமும் அங்கிருந்தவர்களே. நால்வர் படுத்த அந்த அறையில் சுவரில் ஓர் ஆணி அடிக்க இயலாது. ஆனால் கட்டில் விரிப்பு எமது கையில் இருந்தது. அறையிலிருந்த ஒருவர் தமது முதற் சேமிப்பில் அரக்கு நிறத்தில் ஒரு விரிப்பு வாங்கினார். முடிவுக் கடிதம் வரும்வரை, விருந்தாளிகள் வந்தால் எல்லோரும் அக்கட்டிலிலேயே இருத்தப்பட்டனர்.

அன்னையார் அடுத்த முறை வந்தபோது தமது பழைய அரக்குச் சேலையொன்றைப் பெட்டியிற் கொண்டுவந்தார். அதனை வெட்டி ஐந்து உறைகள் தைத்தோம். சாமி படத்தடியில் திருநீற்றுத் தட்டும் குங்குமச் சிமிழும் அருகருகே இருந்தன. அவற்றையும் சுவரையும் அவர் சிறிது நேரம் மாறி மாறிப் பார்த்தார். சுடலைப் பேச்சு அதன்பின் எழவில்லை. திரைச்சீலை நிலத்தில் முட்டாமல் நாலு விரல் கட்டையாய் நிற்பதைப் பற்றி மட்டும் இன்றுவரை தொலைபேசியிற் சொல்லிக்கொண்டிருக்கிறார்.